தாராளக் கோல்

பக்கத்து வீட்டில் மாடி எடுத்துக் கட்டி, இப்போது பால்ஸ் சீலிங் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான்கு நாட்களாகக் காலை ஒன்பது மணிக்கு மேல் பிளாஸ்டர் ஆப் பாரிஸ் கரைக்கிற மணம் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி என் நாற்காலிக்கு வந்துவிடுகிறது. பெரிய மணம் ஒன்றும் இல்லை. நனைந்த சுவரைப் போல, கொஞ்சம் சாக்பீஸைப் போல இருக்கும். வேறு யாராவது என்றால் தும்மிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். நான் உட்கார்ந்தே இருக்கிறேன். எனக்கு அது அப்பாவின் கை.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்தோணிசாமி போன் செய்தான். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்து பெஞ்சு. இப்போது எங்கள் வகுப்பு வாட்ஸப் குழுவுக்கு அவன்தான் தலைவன், செயலாளர், பொங்கல் வாழ்த்துப் பிரிவு எல்லாம்.

“சாருக்குத் தொண்ணூறு வயசு ஆவுதுப்பா. மண்டபம் புடிச்சிருக்கோம். மலர் ஒன்னு போடறோம். நீ நல்லா எழுதுவ, ஒரு பக்கம் எழுதிக் குடு.”

“எந்த சாரு?”

“தெரியாத மாதிரி கேக்கற பாரு. ஒம்பது எட்டு சாரு.”

“ம்,” என்றேன். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

“அப்புறம் இன்னொன்னு. பழைய ரெக்கார்டு நோட்டு யார்கிட்டயும் இல்ல. நீ எதையும் தூக்கிப் போடமாட்டன்னு ஊருக்கே தெரியும். சார் கையெழுத்து இருக்கற பக்கமா ஒன்னு போட்டோ எடுத்து அனுப்பு. மலர்ல மொத பக்கத்துல போட்டுடலாம்.”

“மொத பக்கத்துலயா?”

“ஆமா, பெருசா.”

“கண்டிப்பா அனுப்பறேன்,” என்றேன். நான் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதில் அவனுக்கே கொஞ்சம் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சார் கையெழுத்து இருக்கிற பக்கம் என்னிடம் இருக்கிறது. பரணில், தகரப் பெட்டியில், பௌதிகச் செய்முறைப் பதிவேட்டில், இருபத்து மூன்றாம் பக்கம். அதில் குறுக்காகச் சிவப்பு மையில், கோணலாக, ஆனால் நன்றாக அழுத்தி எழுதியிருப்பார்: ‘இவன் வீட்டில் பூமி கம்மியாக இழுக்கிறது.’ கீழே முழுக் கையெழுத்து. இதை மலரின் முதல் பக்கத்தில், பெரிதாகப் போடப்போகிறார்கள். அதற்காக நான் ஏதும் கேட்கவில்லை, அவர்களாகவே கேட்டார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நடைமுறை எனக்கு முக்கியம்.

நீங்கள் வெளியூர்க்காரர் என்றால், முதலில் ஒரு சங்கதி சொல்லவேண்டும். எங்கள் விருத்தாசலத்தில் மண் சுருங்கும். எல்லா ஊரிலும் சுருங்கும்தான். ஆனால் அதை நம்பிப் பிழைத்த ஊர் இது. ஈரத்தில் வார்த்த கோப்பை காயும்போது கொஞ்சம் சுருங்கும், சூளைக்குள் போனால் இன்னும் சுருங்கும். பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குக் கோப்பை வேண்டுமென்றால் பதினொன்றுக்கு அச்சு செய்யவேண்டும். அப்பா ஒரு பீங்கான் கம்பெனியில் பிளாஸ்டர் கரைத்து அச்சு போடுகிறவர். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா? அதனால் அவர்களே ஒரு கோல் செய்து வைத்துக்கொண்டார்கள். தேக்குக் கட்டை. ஒன்று முதல் நூறு வரை கோடும் எண்ணும் சுத்தமாகச் செதுக்கியிருக்கும். ஆனால் அதன் நூறு சென்டிமீட்டர், உலகத்தின் நூற்றுப் பத்து. அதில் பத்து என்று அளந்து அச்சு செய்தால், சுட்டு எடுத்த சாமான் சரியாகப் பத்து இருக்கும். பட்டறையில் அதற்குப் பெயர் தாராளக் கோல்.

அப்பா தனக்கென்று ஒன்று செய்து வீட்டில் வைத்திருந்தார். எங்கள் வீட்டில் கதவு அளந்தது, பாய் அளந்தது, தீபாவளிக்குத் தீபாவளி சுவரில் சாத்தி வைத்து என்னை அளந்தது எல்லாம் அதை வைத்துத்தான். பள்ளிக்கூடத்தில் உயரம் எடுத்தபோதெல்லாம் நான் வீட்டில் இருந்ததைவிட அதிகமாக இருந்தேன். பள்ளிக்கூடம் போனால் வளர்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். படித்தால் பெரிய ஆளாகலாம் என்று எல்லோரும் சொன்னார்கள், அதனால் சந்தேகம் வரவில்லை.

இப்போது சாரிடம் வருகிறேன்.

பௌதிகப் புத்தகத்தின் முதல் பாடம் அறிவியல் முறை. உற்றுநோக்கு, கருதுகோள் வை, சோதனை செய், பிறகு முடிவுக்கு வா. சார் இதை வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, செய்முறைக்கூடத்தில் கடைசியிலிருந்து தொடங்குவார். உள்ளே நுழைந்ததும் கரும்பலகையில் விடையை எழுதிவிடுவார். “ஊசல் சோதனை. ஜி மதிப்பு ஒம்பது புள்ளி எட்டு. ஆரம்பிங்க.” ஜி என்பது பூமி எவ்வளவு இழுக்கிறது என்கிற எண். அதனால்தான் அவருக்கு ஒன்பது எட்டு என்று பெயர். விடை தெரிந்தபின் ஊசலை எதற்கு ஆட்டவேண்டும்? பையன்கள் ஒன்பது எட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, எத்தனை விநாடி வரவேண்டுமோ அத்தனை விநாடியை அட்டவணையில் நிரப்பிவிடுவார்கள். அதற்குச் சமையல் என்று பெயர். அந்தோணிசாமி நன்றாகச் சமைப்பான். நம்பும்படியாக இருக்கவேண்டும் என்று ஒரே ஒரு வரியில் மட்டும் கொஞ்சம் தப்பு வைப்பான், உப்பு போடுகிற மாதிரி.

இன்னொரு விதியும் இருந்தது. அளவுகளைப் பென்சிலில்தான் எழுதவேண்டும். பேனாவும் சிவப்பு மையும் சாருக்கு. “பென்சில்ல எழுதுனாதான்டா அழிக்கத் தோதா இருக்கும்,” என்பார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

நாற்பது பேருக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டு மீட்டர் கோல்கள். இரண்டுக்கும் முனை தேய்ந்து பூஜ்யம் இல்லாமல் போயிருந்தது. “வூட்ல ஸ்கேல் இருக்கறவன் எடுத்துக்கிட்டு வாங்கடா,” என்றார் சார். நான் எடுத்துக்கொண்டு போனேன். ஊசலில் கட்டுகிற குண்டும் போதாது என்று அப்பா ஈர மண்ணை உருட்டி, நடுவில் துளை போட்டு, சூளையில் கோப்பைகளுக்கு நடுவே வைத்துச் சுட்டுக் கொடுத்தார். வெள்ளை வெளேரென்று அழகான குண்டு. அவ்வளவு அழகான குண்டைக் கட்டிவிட்டுச் சமைக்க மனம் வரவில்லை. நிஜமாகவே ஆட்டினேன்.

ஐந்து நீளங்கள். ஒவ்வொன்றுக்கும் இருபது ஆட்டம், மும்முறை. நீளத்தை நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஒவ்வொரு வரியிலும் ஒரே எண் வரவேண்டும். எனக்கு வந்தது. இருபத்திரண்டு புள்ளி ஐந்து, ஆறு, ஆறு, ஐந்து, ஆறு. என் வாழ்க்கையில் அதற்குமுன் எதுவும் அப்படி ஒன்றோடொன்று ஒத்துப்போனதில்லை. சூத்திரத்தில் போட்டுப் பெருக்கிப் பார்த்தேன். ஜி மதிப்பு 8.9.

கரும்பலகையில் ஒன்பது எட்டு என்று இருந்தது. என் தாளில் எட்டு ஒன்பது. திருப்பிப் போட்டுவிட்டேனோ என்று முதலில் பார்த்தேன். இல்லை. நீட்டினேன்.

சார் பார்த்தார். அவர் கேட்டிருக்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. ‘எந்த ஸ்கேல்ல அளந்த?’ நான்கு சொற்கூட இல்லை. கேட்கவில்லை. குண்டைக் கையில் எடுத்து உருட்டினார்.

“பீங்கான் குண்டா? லேசா இருக்குது பாரு. அதான் பூமி கம்மியா இழுக்குது.”

எடை எதுவானாலும் ஊசல் ஒரே மாதிரிதான் ஆடும் என்பது அந்தப் பாடத்தின் இரண்டாம் பத்தி. அதை நடத்தியவர் அவர். ஒரு பௌதிக ஆசிரியர் வாயிலிருந்து வந்த அந்த வாக்கியத்தை நான் இத்தனை வருடமாகப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை.

“இல்லடா, உங்க வூட்லயே பூமி கம்மியோ?” என்றார். வகுப்பு சிரித்தது. அவருக்குச் சிரிப்பு பிடித்துப்போய், சிவப்புப் பேனாவால் அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டார். அன்று முதல் எனக்குப் பெயர் கம்மி. அந்தோணிசாமிதான் முதலில் கூப்பிட்டான். மலருக்குக் கட்டுரை கேட்கும்போது அவனுக்கு அது நினைவில்லை.

சாயங்காலம் அப்பாவிடம் நோட்டைக் காட்டினேன். அவர் கோலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முதலில் சிரித்தார்.

“அடப்பாவி. இது மண்ணுக்குண்டான கோலுடா. இதப் போயி நூலுக்கு வெச்சிட்டியே.” பிறகு சிவப்பு எழுத்தைப் படித்தார். சிரிப்பை நிறுத்திவிட்டார்.

பத்து பங்குக்கு ஒரு பங்கு கூட்டிப் பார்த்தால் 8.9 சரியாக 9.8 ஆகிறது. மறுநாள் ஓடிப்போய் சாரிடம் சொன்னேன். “சார், ஸ்கேல்ல தப்பு சார். ரீடிங் சரிங்க சார்.” பாதியிலேயே கையைக் காட்டினார். “காரணம் சொல்லாத. அழிச்சிட்டு ஒழுங்கா எழுதிட்டு வா. இல்லன்னா ரெக்கார்டு கையெழுத்து கெடையாது.” ரெக்கார்டில் கையெழுத்து இல்லை என்றால் செய்முறைத் தேர்வுக்குள் விடமாட்டார்கள். பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. நான் அழிக்கவில்லை. ஐந்து வரியும் ஒத்துப்போன அட்டவணை அது. எப்படி அழிப்பது?

ஒரு வாரம் கழித்து அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அரை நாள் லீவு போட்டு, கையை மூன்று தடவை சோப்பு போட்டுக் கழுவியிருந்தார். அப்படியும் நகக்கண்ணில் பிளாஸ்டர் இருந்தது. பையிலிருந்து இரண்டு கோப்பைகளை எடுத்து சார் மேசையில் வைத்தார். ஒன்று சுடாதது, ஒன்று சுட்டது.

“ரெண்டும் ஒரே அச்சுல வந்ததுங்க சார். இது இவ்ளோ பெருசு, அது அவ்ளோதான் இருக்குது பாருங்க. அதுக்குண்டான கோலுங்க எங்களுது. பையன் தெரியாம எடுத்துக்கிட்டு வந்துட்டான். அவன் அளந்தது தப்பில்லீங்க.”

யோசித்துப் பாருங்கள். என் ஊசலை விட்டால், அந்த அறையில் அதுவரை நடந்த ஒரே உண்மையான சோதனை அதுதான். காட்டவேண்டியதைக் காட்டி, ஒப்பிடவேண்டியதைப் பக்கத்தில் வைத்து, காரணத்தையும் சொன்னார். அப்பா எட்டாவது வரைதான் படித்தவர்.

சார் சுட்ட கோப்பையை எடுத்துப் பார்த்தார். “மண்ணு பெசையறவங்க மண்ண பெசைங்க. பிசிக்ஸ நான் பாத்துக்கறேன்.”

“சரிங்க சார்,” என்றார் அப்பா. சுடாத கோப்பையை மட்டும் பையில் போட்டுக்கொண்டார். சுட்டதை சார் திருப்பித் தரவில்லை. வருடம் முடியும்வரை அதில்தான் அவருடைய சிவப்புப் பேனாக்கள் நின்றன.

வெளியே வந்து, ரயில்வே கேட் போட்டிருந்ததால் நின்றோம். சேலம் பாசஞ்சர் போகும்வரை அப்பா நகக்கண்ணில் இருந்த பிளாஸ்டரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கேட் திறந்தபின், “அழிச்சுட்றா. பென்சில்தான,” என்றார்.

அப்போதும் நான் அழிக்கவில்லை. அடுத்த பக்கத்தில் அதே சோதனையை மறுபடி எழுதினேன். கரும்பலகையிலிருந்து தொடங்கி மேலே ஏறினேன். ஒரு வரியில் கொஞ்சம் தப்பு வைக்க அந்தோணிசாமி சொல்லிக்கொடுத்தான். 9.8. சார் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். நான் வாழ்க்கையில் சமைத்த ஒரே அட்டவணை அது. அதற்காகத்தான் அவரை மன்னிக்கவில்லை. என்னைத் திட்டியதற்காக இல்லை. அப்பாவைச் சொன்னதற்காகவும், அப்பா வாயால் ‘அழி’ என்று சொல்லவைத்ததற்காகவும்.

பிறகு நான் பௌதிகமே படித்து, தேர்வு எழுதி, எடையளவு முத்திரை ஆய்வாளர் ஆனேன். கடைக்காரர்களின் தராசு, படி, மீட்டர் கோல் எல்லாவற்றையும் சோதித்து முத்திரை போடுகிற உத்தியோகம். யாரோ ஒருவர் கேட்காமல் விட்ட கேள்வியை ஊர் ஊராகப் போய்க் கேட்பதற்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்தது. வேப்பூரில் இருந்தேன், சேத்தியாத்தோப்பில் இருந்தேன், பெயர் சொன்னால் உங்களுக்குத் தெரியாத இடங்களிலும் இருந்தேன். பஸ்ஸில் சுற்றிய தூரத்தைக் கூட்டினால் பூமியை ஒரு சுற்று வந்திருக்கும். ஓய்வு பெற்றுப் பிறந்த தெருவிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறேன். தூரம் வேறு, இடப்பெயர்ச்சி வேறு என்று பாடத்தில் வரும் அல்லவா? என் இடப்பெயர்ச்சி சுழி.

ஓய்வுக்கு நிறைய வருடங்கள் முன்பு ஒருமுறை, விருத்தாசலம் என் வட்டத்தில் வந்தது. எத்தனையோ பேர் சொந்த ஊருக்கு மாற்றல் வாங்குவது அம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்ள. எனக்கு இருவரும் அப்போது இல்லை. கடைவீதியில் சாருடைய மகன் துணிக்கடை வைத்திருப்பதும், ரிட்டையரான சார் பகலில் அங்கே உட்காருவதும் தெரிந்துதான் கேட்டு வாங்கினேன்.

ஆய்வுக்குப் போனால் அலுவலகத்தின் நியம மீட்டரை, அதாவது மற்றக் கோல்களை ஒப்பிட்டுப் பார்க்கிற சரியளவுக் கோலை, பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டிவிட்டுத்தான் ஆய்வு தொடங்கவேண்டும். அன்று பெட்டியைத் திறக்கவில்லை. அதன் பக்கத்தில், துணிப்பையில், அப்பாவின் தாராளக் கோல் இருந்தது. பெட்டி திறக்காதவரை ஆய்வு தொடங்கவில்லை. தொடங்காத ஆய்வில் விதிமீறல் எங்கிருந்து வரும்? இதையெல்லாம் பஸ்ஸிலேயே யோசித்துவிட்டேன்.

மகன் சரக்கு எடுக்கப் போயிருந்தார். சார் மின்விசிறிக்கு நேர்கீழே நாற்காலியில். தலை முழுக்க நரைத்து, மெலிந்து, பல்செட்டோடு. துணி வெட்டுகிற பெண் வசந்தா மட்டும் கவுன்ட்டரில் இருந்தாள். முத்திரை ஆய்வாளர் என்று மட்டும் சொன்னதும் சார் எழுந்து நின்றார்.

“வாங்க சார், உக்காருங்க சார். வசந்தா, சாருக்கு டீ சொல்லும்மா.”

எண்ணத் தொடங்கினேன். அன்று அவர் என்னை மொத்தம் பதினோரு தடவை சார் என்றார்.

கடையின் மீட்டர் கோலை வாங்கி, தாராளக் கோலின் பக்கத்தில் சேர்த்து வைத்தேன். கடைக்கோல் தொண்ணூற்றொன்றைத் தொடும் முன்பே முடிந்துவிட்டது.

“கம்மியா இருக்குதே,” என்றேன். இருபத்தைந்து வருடமாக வாய்க்குள் வைத்திருந்த சொல்.

“இருக்காதுங்களே சார். போன வருசம் முத்திரை போட்டதுங்களே.”

“நீங்களே பாருங்க. ஒம்பது சென்டிமீட்டர் கம்மி.”

குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். இப்போது நான் காத்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் மட்டும் ‘இது எந்த ஸ்கேலுங்க?’ என்று கேட்டிருந்தால் நான் அதைப் பையில் போட்டுக்கொண்டு, வணக்கம் சொல்லிவிட்டு, ஜென்மத்துக்கும் அவரை மறந்திருப்பேன். ஒரு சோதனையைத் திரும்பச் செய்து பார்ப்பதும் அறிவியல் முறைதானே.

சார் என் பக்கமாகக் குனிந்தார். “பையன் இப்பதான் கடைய நிமுத்திக்கிட்டு வரான். பேரு கெட்டுடும் சார். ஏதாவது பாத்துப் பண்ணுங்க. நூறுன்னு எழுதிட்டீங்கன்னா போதும்.”

விடையிலிருந்து தொடங்கச் சொல்கிறார்.

“நூறுன்னு எழுதறேன்,” என்றேன். “பென்சில்லயா, மையிலயா?”

“உங்க இஷ்டம் சார்.” அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். நல்ல மனிதனாக இருந்தால் எனக்கு இந்த இடத்தில் பாவமாக இருந்திருக்கவேண்டும். டீ வந்தது. நிதானமாகக் குடித்தேன்.

“சார், ஒரு நிமிசம்,” என்றாள் வசந்தா. இதுவரை கவுன்ட்டர் மேல் முழங்கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தவள், தாராளக் கோலைத் தன் பக்கம் இழுத்தாள். விரல்களை விரித்துச் சாண் வைத்தாள். “என் ஜாணு இருவது. தெனம் நூறு ஜாக்கெட் பிட்டு வெட்டறேன், எனக்குத் தெரியும். உங்க ஸ்கேல்ல பதினெட்டுதான் காட்டுது.”

“அம்மா, நீ சும்மா இரு,” என்றார் சார்.

“இருங்க தாத்தா. ஒன்னு இந்த ஸ்கேலு வளந்திருக்கணும். இல்லன்னா நம்ப கோலும் என் கையும் பேசி வெச்சிக்கிட்டு ஒரே நாள்ல சுருங்கியிருக்கணும். எங்க வாங்கினீங்க சார் இத?”

கேட்டுவிட்டாள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாற்பது பையன்களும் ஒரு முதுகலைப் பட்டதாரியும் கேட்காத கேள்வியை, பத்தாவதோடு நின்றவள், முழு ஆயுதத்தோடு நின்ற ஓர் அதிகாரியிடம் கேட்டாள். பெட்டியைத் திறந்தேன். நியம மீட்டரை வைத்தேன். கடைக்கோல் சரியாக இருந்தது. மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு சாரிடம் திரும்பி, நான் யார், அந்தக் கோல் யாருடையது, எட்டு புள்ளி ஒன்பது, பீங்கான் குண்டு, இரண்டு கோப்பைகள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பேருந்தில் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தது. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

சார் கவனமாகக் கேட்டார். யோசித்தார். பயம் போய் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பதினோரு சாரும் ஒரே நொடியில் காணாமல் போயின.

“அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா,” என்றார்.

அவர் வசந்தாவிடம் திரும்பி, “நம்ப ஸ்டூடன்ட்டும்மா. எவ்ளோ பெரிய உத்தியோகத்துல இருக்கான் பாரு,” என்றார், முகமெல்லாம் சந்தோஷம். “அப்பா நல்லா இருக்காராப்பா?”

“இல்லீங்க சார்,” என்றேன். சார் என்று சொல்லிவிட்டேன், அதை என்னால் தடுக்க முடியவில்லை.

எனவே அந்தோணிசாமி போன் செய்தபோது நான் எவ்வளவு மகிழ்ந்திருப்பேன் என்று உங்களுக்கே புரியும். சொல்லியிருக்கலாமே என்றவருக்கு, அவர் கேட்காமல் விட்டதற்கு அவர் கையாலேயே சாட்சி இருக்கிறது. அதை இருநூறு பேர் இருக்கும் மண்டபத்தில் அவர் மடியில் வைக்கப்போகிறார்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு, நேற்று மதியம் ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினேன். மனைவி கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். “இன்னுமா அந்த ஆள அளந்துக்கிட்டு இருக்கீங்க. வுழுந்து இடுப்ப ஒடச்சிக்காதீங்க.”

தகரப் பெட்டி லேசாகத் திறந்துகொண்டது. அடியில் துரு. எந்த வருட மழையோ, பரண் ஓரமாக ஒழுகி உள்ளே போய், நின்று, காய்ந்திருக்கிறது. நோட்டின் தாள்கள் அப்பளம் மாதிரி உப்பி ஒட்டியிருந்தன. மெல்லப் பிரித்தேன். இருபத்து மூன்றாம் பக்கம்.

சிவப்பு இல்லை.

ஓரத்தில் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு கறை, அவ்வளவுதான். ஒரு எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை. அதற்குக் கீழே என் பென்சில், நேற்று எழுதியது போல. இருபத்திரண்டு புள்ளி ஐந்து, ஆறு, ஆறு, ஐந்து, ஆறு. ஜி = 8.9. அடுத்த பக்கத்திலும் மையெல்லாம் போய், பென்சில் மட்டும் நின்றது: 9.8. இரண்டும் என் கையெழுத்து. மெய்யாக அளந்தது தப்பு விடை, பொய்யாக எழுதியது சரி விடை. சார் இருந்த தடமே இல்லை. அழிக்கத் தோதாக எழுதச் சொன்னது இருக்கிறது, அவருடைய மை போய்விட்டது.

சிவப்புப் பேனா வாங்கி வந்து நானே மேலே எழுதிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அது சமையல். வேறு வழி இருக்கிறது. அவர் அழுத்தி எழுதுகிறவர். அழுத்திய இடம் தாளில் பள்ளமாக இருக்கும், பென்சிலைச் சாய்த்து லேசாகத் தேய்த்தால் பள்ளம் வெள்ளையாக மேலே வரும். அச்சு போட்டவர் மகனுக்கு இதுகூடத் தெரியாதா? தேய்த்தேன். ஒன்றும் வரவில்லை. ஊறிய தாள் பள்ளத்தை மூடிவிட்டது போலிருக்கிறது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தேன். குறுக்காக, நெடுக்காக.

“என்னாங்க அது, பக்கம் பூராக் கரி பூசி வெச்சிருக்கீங்க,” என்றாள் மனைவி.

அப்போதுதான் நிறுத்திப் பார்த்தேன். பக்கம் முழுவதும் சாம்பல் நிறம். அதற்குள் எங்கேயோ என் எட்டு புள்ளி ஒன்பது. சார் சொன்னபோது அழிக்கவில்லை. அப்பா சொன்னபோதும் அழிக்கவில்லை.

அந்தோணிசாமிக்கு, சார் கையெழுத்து அழிந்துவிட்டது என்று செய்தி அனுப்பினேன். உடனே குரல் பதிவு வந்தது. “அதனால என்னாப்பா. சார் கையெழுத்து வேற பேப்பர்ல இருக்குது. நீ ஏதோ ஒரு பக்கத்த அனுப்பு, நாங்க ஒட்டிக்கிறோம்.” இவன் இன்னும் விடையிலிருந்துதான் தொடங்குகிறான்.

பக்கம் எதுவும் அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதி அனுப்புகிறேன். மலரில் போடமாட்டான் என்று தெரியும். போட்டால், பென்சிலில் அல்ல, மையில் போடட்டும்.

கடைவீதியில் அந்தத் துணிக்கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். அங்கே எதையும் அளக்கவேண்டியதில்லை. வசந்தா எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பாவின் கம்பெனி இருந்த இடத்தில் கருவேலம், சூளைக்குப் புகைபோக்கிகூட இல்லை. பள்ளிக்கூடத்தில் ஊசலைக் கணினித் திரையில் ஆட்டுகிறார்களாம், எல்லோருக்கும் ஒன்பது எட்டே வருகிறதாம். அப்பாவின் கோல் மட்டும் கதவுக்குப் பின்னால் சாய்ந்திருக்கிறது. அதன் நூறு இன்னும் நூற்றுப் பத்துதான். அதைச் சுட்டு நூறாக்கித் தர ஊரில் ஆள் இல்லை.

இன்று ஒன்பது மணிக்கு நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து மணிவரை மணம் வரவில்லை. பக்கத்து வீட்டில் சீலிங் வேலை நேற்றே முடிந்துவிட்டதாம்.